விண்டோஸில் நொடிக்கு 60 ஃபிரேம் வரும் கேம், லினக்ஸ் வகையான உபுண்டுவில் 30-ஐத் தாண்டவில்லை. லினக்ஸ் போர்ட் (லினக்ஸுக்கென மாற்றிய பதிப்பு) என்றாலே இப்படித்தானா?

கேள்வியில் உள்ள விவரம்: இன்டெல் பிராசசரோடு என்விடியாவின் ஜி.டி.எக்ஸ். 1650 கிராஃபிக்ஸ் கார்டும் (4 ஜி.பி.) இருக்கும் லேப்டாப், 8 ஜி.பி. ரேம் ஒரே ஸ்டிக்காக, விண்டோஸும் உபுண்டுவும் சேர்ந்த டூயல் பூட், பெங்களூரில் பி.ஜி. விடுதி வைஃபை. இதை வைத்தே சொல்கிறேன்.

ஃபிரேம் பாதியாகக் குறைந்தால் முதல் சந்தேகம் போர்ட்டின் மேல் வரக்கூடாது. கேம் எந்தக் கார்டில் ஓடுகிறது என்று பாருங்கள். கேமை ஓடவிட்டு, டெர்மினலில் என்விடியா-எஸ்.எம்.ஐ. (nvidia-smi) கட்டளையைக் கொடுங்கள். கீழே வரும் பட்டியலில் கேமின் பெயர் இல்லையென்றால் அது இன்டெல் கிராஃபிக்ஸில் ஓடிக்கொண்டிருக்கிறது. என்விடியா செட்டிங்ஸில் பிரைம் புரொஃபைல்ஸ் போய் பெர்ஃபார்மன்ஸ் மோடைத் தேர்ந்தெடுத்து ரீபூட் செய்யுங்கள். அந்தக் கட்டளையே இல்லை என்று வந்தால் டிரைவரே ஏறவில்லை. அடிஷனல் டிரைவர்ஸில் இருந்து போடுங்கள். சார்ஜரைச் செருகாமல் சோதிக்கவும் வேண்டாம். கேம் கடையான ஸ்டீமை உபுண்டுவின் ஆப் சென்டரிலிருந்து எடுத்திருந்தால் அது ஸ்னாப் பதிப்பு (தனிப்பெட்டிக்குள் அடைத்து ஓட்டுவது), தேவையில்லாத தொல்லை. நீக்கிவிட்டு ஸ்டீம் தளத்தில் இருக்கும் டெப் நிறுவல் கோப்பைப் போடுங்கள்.

இவை சரியாக இருந்தும் மெதுவாக ஓடினால் அப்போது போர்ட்டைப் பார்க்கலாம். லினக்ஸுக்கென்றே வந்த போர்ட் வேகமாக இருக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். பழைய போர்ட்கள் நிறைய, விண்டோஸின் கிராஃபிக்ஸ் முறையான டைரக்ட்எக்ஸின் அழைப்புகளை லினக்ஸிலும் ஓடும் ஓபன்ஜி.எல்.-க்கு மாற்றி ஓட்டியவை. அந்த மாற்றும் வேலை பெரும்பாலும் பிராசசரின் ஒரே கோரில் குவியும். கார்டு சும்மா காத்துக்கிடக்கும். ஆனால் உழைத்துச் செய்தால் ஓபன்ஜி.எல்.-லிலும் வேகம் வரும். 2012-இல் ஸ்டீமை நடத்தும் வால்வ் தன் லெஃப்ட் 4 டெட் 2 கேமை உபுண்டுவுக்குக் கொண்டுவந்தபோது முதலில் கிடைத்தது வெறும் 6 ஃபிரேம். சீர்செய்த பிறகு அதே கம்ப்யூட்டரில் 315. விண்டோஸ் 7-இல் 270.6. எல்லா நிறுவனமும் அவ்வளவு மெனக்கெடவில்லை, அதுதான் விஷயம்.

அதனால் ஸ்டீமில் கேமின் பெயரில் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி போய், விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் ஸ்டீமின் கருவியான புரோட்டானைக் கட்டாயமாக்கிப் பாருங்கள். அப்போது ஸ்டீம் விண்டோஸ் பதிப்பையே இறக்கும். டைரக்ட்எக்ஸ் 11 வரையுள்ள அழைப்புகளை புரோட்டானில் உள்ள டி.எக்ஸ்.வி.கே., வல்கன் என்ற வேறொரு கிராஃபிக்ஸ் முறைக்கு மாற்றும், இதில் இழப்பு பொதுவாகச் சில சதவீதம்தான். டைரக்ட்எக்ஸ் 12 கேம்களுக்கு அதே வேலையைச் செய்வது வி.கே.டி.3டி-புரோட்டான். என்விடியா கார்டில் இங்கேதான் அடி பலமாக விழும், 10 முதல் 20 சதவீதம் குறைவது சகஜம். கேமின் செட்டிங்கில் டைரக்ட்எக்ஸ் 11 இருந்தால் அதையே வையுங்கள்.

சராசரி நன்றாக இருந்து, திரும்பும் இடத்திலெல்லாம் ஒரு நொடி உறைகிறதா? அது ஷேடர் (காட்சியை வரையும் சிறு நிரல்) கம்பைல் ஆகும் நேரம். டேட்டா மிச்சம் பிடிக்க, ஷேடர்களை முன்கூட்டியே இறக்கிவைக்கும் ஸ்டீமின் ஷேடர் பிரீ-கேச்சிங்கை அணைத்திருந்தால் வைஃபை நன்றாக வரும் இரவில் திறந்துவிடுங்கள். 2022 நவம்பரில் வந்த டி.எக்ஸ்.வி.கே. 2.0 முதல் இந்தத் திக்கல் வெகுவாகக் குறைந்திருக்கிறது; ஆனால் டிரைவரும் புதிதாக இருக்கவேண்டும்.

கொஞ்ச நேரம் நன்றாக ஓடி, பிறகு படுத்துக்கொண்டால் 4 ஜி.பி. வீடியோ மெமரி நிரம்பியிருக்கும். விண்டோஸ் மிச்சத்தை ரேமுக்குத் தள்ளி ஓரளவு சமாளிக்கும். என்விடியாவின் லினக்ஸ் டிரைவர் அந்த அளவுக்குச் சமாளிக்காது. கேமின் செட்டிங்கில் டெக்ஸ்ச்சரை (பரப்புகளின் படத் தரம்) ஒரு படி குறையுங்கள், பிரவுசரை மூடுங்கள். மற்ற கிராஃபிக்ஸ் அளவுகளைக் குறைப்பது இதற்கு அவ்வளவாக உதவாது.

ஒற்றை ரேம் ஸ்டிக் விண்டோஸிலும் இழுக்கத்தான் செய்யும். கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டுக்குப் போகுமுன் இரண்டாவது ஸ்லாட் இருக்கிறதா, டி.டி.ஆர். 4-ஆ 5-ஆ, வேகம் எவ்வளவு என்று குறித்துக்கொண்டு போங்கள். ரேம் 16 ஜி.பி. ஆனாலும் டெக்ஸ்ச்சர் பிரச்சினை தீராது, ஆனால் குறைந்தபட்ச ஃபிரேம் பெரும்பாலும் ஏறும்.

விண்டோஸின் டி டிரைவில் இருக்கும் கேமையே லினக்ஸிலும் ஓட்டாதீர்கள். அது விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். வடிவம்; புரோட்டான் உருவாக்கும் இணைப்புக் கோப்புகளால் அங்கே கேம் திறக்காமலே போகலாம். லினக்ஸின் எக்ஸ்ட்4 பார்ட்டிஷனில் தனியாக இறக்குங்கள்.

வேலரன்ட் ஆடுபவராக இருந்தால் விண்டோஸை அழித்துவிடாதீர்கள். அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளான வேன்கார்ட், கர்னல் (இயங்குதளத்தின் மையம்) மட்டத்தில் இயங்குவது, புரோட்டானில் ஓடாது.