மணிக்கட்டு முறிவு: விரல்களை அசைக்காமல் வைத்திருப்பது சரியா?

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து, கடந்த மே மாத இறுதியில் ஓய்வு பெற்றேன். வயது 60. இரண்டே வாரத்தில் கொல்லைப்புறத்தில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. எலும்பை நேராக்கி, ஆறு வாரங்களுக்கு மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். எலும்பு விலகிவிடுமோ என்ற பயத்தில் கையை அசைப்பதே இல்லை, விரல்கள் வீங்கியிருக்கின்றன. மாவுக்கட்டைப் பிரித்துவிட்டு எண்ணெய்க் கட்டு போடும்படி உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். செப்டம்பரில் காசிக்குச் செல்ல முன்பதிவு செய்திருக்கிறோம். போகலாமா?

பதில்: மாவுக்கட்டு அசையாமல் பிடித்திருப்பது மணிக்கட்டை மட்டுமே, விரல்கள், முழங்கை, தோள்பட்டை ஆகியவற்றை நீங்கள் முதல் நாளிலிருந்தே அசைத்திருக்க வேண்டும். விரல்களை முழுவதுமாக மடக்கி நீட்டுவதால், சரியாகப் போடப்பட்ட கட்டுக்குள் எலும்பு விலகாது. அசைக்காமல் விட்டால்தான் வீக்கம் தேங்கி விரல் மூட்டுகள் இறுகும். முறிவு நன்றாகக் கூடிய பிறகும், தோசையைப் பிட்டு வாயில் வைக்க முடியாமல் பல மாதங்கள் அவதிப்படுபவர்களை நாங்கள் பார்க்கிறோம். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறை பத்துப் பதினைந்து தடவை விரல்களை மடக்கி நீட்டுங்கள், கையைத் தலைக்கு மேல் தூக்கி இறக்குங்கள், படுக்கும்போது தலையணை வைத்து நெஞ்சு மட்டத்துக்கு மேல் கையை உயர்த்திக்கொள்ளுங்கள். மோதிரமோ வளையலோ இருந்தால் இன்றே கழற்றிவிடுங்கள். வலி கூடிக்கொண்டே போனாலோ, விரல்கள் மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ காலை வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

உறவினர்களின் யோசனையை ஏற்காதீர்கள். நேராக்கிய எலும்பு முதல் இரண்டு, மூன்று வாரங்களில்தான் எளிதில் நழுவும். அதற்காகத்தான் அந்த வாரங்களில் மீண்டும் எக்ஸ்ரே எடுக்கிறோம்.

காசிக்குப் போகலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் கட்டுப் பிரித்ததும் மணிக்கட்டு விறைப்பாகவும் மெலிந்தும் இருக்கும், பிடிமானம் திரும்பச் சில மாதங்கள் ஆகும் என்பதால், பெட்டி தூக்கும் வேலையை உடன் வருபவரிடம் விட்டுவிடுங்கள். படித்துறையில் இறங்கும்போது இடது கையால் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிந்திருக்கிறது என்றால், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைவதால் வரும் எலும்புப்புரை, அதாவது எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமாகும் நோய், உங்களுக்கும் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில், அந்த அடர்த்தியைக் காட்டும் டி-ஸ்கோர் என்ற எண் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் அது எலும்புப்புரை. அதைவிடச் சற்று மேலே இருந்தாலும், இந்த முறிவையும் கணக்கில் எடுத்தே மருந்து தேவையா என்று முடிவு செய்ய வேண்டும். பாலும், 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ள கேழ்வரகும் நல்லவைதான், ஆனால் எலும்புப்புரை உறுதியானால் அவை மட்டும் போதாது. கட்டுப் பிரிக்கச் செல்லும் நாளிலேயே இந்த ஸ்கேனையும், ரத்தத்தில் வைட்டமின் டி அளவையும் பற்றி உங்கள் எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள்.