மூணு வயசு குதிரைக்குட்டி வார் இறுக்குனா துள்ளுது: பதில்

ப்ரோ, உங்க ஆண் குதிரைக்குட்டி சேணம் வைக்கிற வரைக்கும் அமைதியா நிக்குது, வயித்து வார இறுக்குனதும் முதுக வளைச்சு துள்ளுது, நேத்து உங்க தம்பியக் கீழ தள்ளிடுச்சுன்னு எழுதியிருந்தீங்க. இப்போதைக்கு யாரும் மேல ஏறாதீங்க ப்ளீஸ். அது திமிர் இல்ல, பயம், இல்லன்னா வலி. வார் படுற இடத்த விரலால அழுத்திப் பாருங்க, வாயையும் முதுகையும் வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரில காட்டிடுங்க.

வார ஒரே இழுப்புல இறுக்குறதுதான் நிறைய பேர் பண்ற தப்பு. ஒரு ஓட்டை மாட்டுங்க, நாலு சுத்து நடக்க விடுங்க, காது தளர்ந்து பெருசா மூச்சு விட்டு வாய மென்னுச்சுன்னா அடுத்த ஓட்டை, என் குட்டிக்கு இதுக்கே ஒம்போது நாள் ஆச்சு, பத்தாவது நாள் வார் சத்தம் கேட்டும் தலைய தொங்கப் போட்டு நின்னுச்சு, எனக்கு கண்ணே கலங்கிடுச்சு. கயிறு இழுத்தா அது ஒரு அடி வச்ச அந்த நொடியே லூஸ் விடணும், லேட்டா விட்டா எதுக்கு விட்டீங்கன்னே அதுக்குப் புரியாது. இடது பக்கம் பழக்குனத வலது பக்கமும் முதல்லேர்ந்து பழக்கணும். நீங்களும் தம்பியும் ஒரே சொல்லு, ஒரே முறை, தினம் இருவது நிமிஷம் போதும்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கண்டெய்னர் லாரி ஓடுற நேரம் வேணாம், விடியக்காலைல கடலோரம் ஈர மணல்ல நடத்துங்க, ஆழமான காஞ்ச மணல் கால் தசைநார இழுத்துடும். முதுகெலும்பு முழுசா வளர்ந்து முடிய அஞ்சரை, ஆறு வயசு ஆகும், அதனால ஏறுறப்பவும் வெயிட் கம்மியான ஆள், கொஞ்ச நேரம் மட்டும். டாக்டர் என்ன சொன்னாருன்னு போடுங்க ப்ரோ.