சக்கர நாற்காலி கொடுத்தால் பிள்ளை நடக்கும் முயற்சியை விட்டுவிடுமா?

விடாது. பயப்படாமல் வாங்கிக் கொடுங்கள்.

மூன்று வயது மகனுக்குப் பெருமூளை வாதம் (மூளை பாதிப்பால் உடல் அசைவு சிரமப்படும் நிலை), இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) சக்கர நாற்காலி வேண்டும் என்கிறார், "உட்கார வச்சுப் பழக்கிட்டா அப்புறம் எந்திரிக்கவே மாட்டான்" என்று மாமியார் தடுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இதே பேச்சு எங்கள் வீட்டிலும் நடந்தது. என் மகளுக்கும் இதே நிலைதான். இப்போது பள்ளிக்குப் போகிறாள்.

ஒரு பிள்ளை தானாக நகரத் தொடங்கும்போதுதான் தூரம் புரிகிறது, ஒளித்து வைத்த பொருளைத் தேடுகிறது, அம்மாவை விட்டு விலகிப் போய்த் திரும்பிப் பார்க்கிறது. நம் பிள்ளைகளை நாம் எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகிறோம். ஆனால் எங்கே போவது என்பதை நாம்தான் முடிவு செய்கிறோம். நடை வரட்டும் என்று காத்திருந்தால் அந்த வயது போய்விடும்.

இது புதுக் கருத்தும் இல்லை. 1980களிலேயே அமெரிக்காவில் சார்லின் பட்லர் என்ற ஆய்வாளரின் குழுவினர் இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு மோட்டார் நாற்காலி கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலான பிள்ளைகள் சில வாரங்களிலேயே ஓட்டப் பழகிவிட்டார்கள். பிறகு டெலவேர் பல்கலைக்கழகத்தில் கோல் காலோவே என்ற பேராசிரியர் 'கோ பேபி கோ' என்று ஒரு திட்டம் தொடங்கினார். கடையில் விற்கும், பிள்ளைகள் ஏறி ஓட்டும் பொம்மைக் காரில் பெரிய பொத்தானும் முதுகுப் பிடிமானமும் பொருத்திக் கொடுப்பார்கள். 12 முதல் 36 மாதக் குழந்தைகளுக்கென்றே செய்த 'எக்ஸ்புளோரர் மினி' என்ற மோட்டார் வண்டிக்கு 2020இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

என் மகளுக்கு முதன்முதலில் மோட்டார் நாற்காலியை எங்கள் அடுக்குமாடி புளோக்கின் வெற்றுத்தளத்தில் (திறந்த கீழ்த்தளத்தில்) ஓட்டக் கொடுத்தோம். ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டே இருந்தாள். நிறுத்தப் போன என்னைச் சிகிச்சையாளர் தடுத்தார்; அப்படித்தான் பழகுவார்களாம். அப்புறம் தூண் ஓரம் படுத்திருந்த பூனை கண்ணில் பட்டது, அதை நோக்கி வண்டியை விட்டாள். கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தாள், சிரித்தாள், வரவில்லை. கூப்பிட்டும் வராமல் ஓடுகிற பிள்ளையைப் பெற்ற சந்தோஷம் எனக்கு அன்றுதான் கிடைத்தது.

நடைப் பயிற்சியை இதற்காக நிறுத்த வேண்டியதில்லை. பிள்ளையைத் தாங்கி நிற்க வைக்கும் சட்டகமும், பிடித்து நடக்கும் வாக்கரும் எங்கள் வீட்டில் இன்னும் இருக்கின்றன. அவளுடைய வாக்கர் முதுகுக்குப் பின்னால் வருகிற வகை. முன்னால் தள்ளுகிற வாக்கரில் குனிந்து சாய்ந்துவிடுவாள், இதில் நிமிர்ந்து நடக்கிறாள். ஆனால் வாக்கரோடு வகுப்பறை வரை நடந்தால் பாடத்துக்கும் விளையாட்டுக்கும் தெம்பு மிச்சமிருக்காது. அதனால் தூரத்துக்கு நாற்காலி, பக்கத்துக்கு வாக்கர்.

நாற்காலி பிள்ளையின் அளவுக்கு இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பெரியவர்களின் மடக்கு நாற்காலியில் துணி தொய்ந்து, இடுப்பு சரிந்து, பிள்ளை வழுக்கிக்கொண்டே வரும். முதலில் இடுப்பு நேராக இருக்கிறதா, முழங்காலுக்குப் பின்னால் இரண்டு விரல் இடைவெளி இருக்கிறதா, பாதம் முழுதாகப் பதிகிறதா என்று பாருங்கள். என் மகளின் கால் தொங்கிக்கொண்டிருந்தவரை கையில் கரண்டி நிற்காது. கால்பலகையை உயர்த்தியதும் தானாகவே தயிர் சாதம் சாப்பிட்டாள். பிள்ளை வளர வளர அளவை மாற்ற முடியுமா என்றும் கேட்டுவிடுங்கள்.

செலவுக்கு இங்கே சிங்கப்பூரில் எஸ்ஜி எனேபல் என்ற உடற்குறையுள்ளோருக்கான அமைப்பின் வழியாக உதவித் தொழில்நுட்ப நிதி இருக்கிறது. குடும்ப வருமானத்தைப் பொறுத்து 90 சதவீதம் வரை கிடைக்கும். வாழ்நாள் உச்சவரம்பு 40,000 வெள்ளி. சிகிச்சையாளரின் மதிப்பீடு வேண்டும். ஒப்புதல் வருமுன் அவசரப்பட்டு வாங்காதீர்கள். லெங்கோக் பாருவில், உடற்குறையுள்ளோருக்கான எனேபலிங் வில்லேஜ் வளாகத்தில் உள்ள டெக் ஏபல் என்ற கருவிக் காட்சிக்கூடத்தில் உதவிக் கருவிகளை நேரில் பார்க்கலாம்.

மோட்டார் நாற்காலி என்றால் வீட்டு வாசல், படுக்கையறைக் கதவு, மின்தூக்கி எல்லாவற்றின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். குளியலறை வாசலில் இருக்கும் சின்னப் படியை மறக்க வேண்டாம். கனம் அதிகம், காரில் தூக்கி வைக்க முடியாது. பேருந்தில் போகலாம், இங்கே எல்லாப் பொதுப் பேருந்துகளிலும் சாய்தளம் இருக்கிறது.

மாமியாரிடம் வாதாட வேண்டாம். பேரன் மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார். அடுத்த சந்திப்புக்கு அவரையும் கூட்டிப் போய், அவர் கேட்க நினைப்பதை அவரே இயன்மருத்துவரிடம் கேட்கட்டும். தமிழில் விளக்க ஆள் தேவைப்பட்டால் முன்கூட்டியே மருத்துவமனையில் சொல்லி வையுங்கள். என் மாமியார் அப்படி ஒருமுறை வந்து கேட்ட பிறகுதான் மனம் மாறினார்.