நாற்பது நொடி என்பது கட்டாயமா?

கேள்வி: அமெச்சூர் கோல்ஃப் போட்டியொன்றில் எங்கள் குழு முன்னால் சென்ற குழுவைவிட ஒரு குழி பின்தங்கியதால் நடுவர் எச்சரித்தார். ஓர் அடிக்கு இத்தனை நொடி என்று விதி இருக்கிறதா?

பதில்: 2019-இல் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட விதிகளில் 5.6 ஆம் விதி, இடையூறின்றி ஆடக்கூடிய நிலை வந்தபின் 40 நொடிகளுக்குள் அடித்துவிட வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. பரிந்துரை என்பதால், அதைத் தாண்டியதற்காக மட்டும் தண்டனை கிடையாது. ஆனால் போட்டியை நடத்தும் குழு தனியே ஆட்ட வேகக் கொள்கை வகுத்து, நேரத்தை அளந்து தண்டிக்கலாம் என்பதால், ஆட்டம் தொடங்குமுன் அந்த அறிவிப்பை அவசியம் படியுங்கள். இதைத் தவிர, நியாயமற்ற தாமதத்துக்கு ஸ்ட்ரோக் பிளேயில் (மொத்த அடிகளை எண்ணி வெற்றியாளரை முடிவு செய்யும் ஆட்டமுறையில்) முதல்முறை ஓர் அடியும், இரண்டாம் முறை இரண்டு அடிகளும் தண்டனையாகச் சேரும். மூன்றாம் முறை தகுதி நீக்கம்தான்.

அமெச்சூர் ஆட்டத்தில் பெரும்பாலும் நேரம் கரைவது, என் கணிப்பில், அடிப்பதிலன்று, பந்தைத் தேடுவதிலேயே. தேடும் நேரம் 5 நிமிடங்களிலிருந்து 3 நிமிடங்களாகக் குறைக்கப்பட்டிருப்பதால், பந்து தொலைந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தவுடனே, தேடக் கிளம்புமுன், தற்காலிகப் பந்து (provisional ball) என்று அறிவித்துவிட்டு, முதல் பந்து கிடைக்காவிட்டால் பயன்பட இன்னொரு பந்தை அடித்துவிடுங்கள். ஸ்ட்ரோக் பிளேயில் ஆபத்தில்லாதபோது, ஆயத்தமாக இருப்பவர் முறை பாராமல் முதலில் ஆடுவதையும் விதிகளே ஊக்குவிக்கின்றன.