காலையில் காரை எடுக்கும் முன் இன்ஜினை எவ்வளவு நேரம் ஓடவிட்டுச் சூடாக்க வேண்டும்?

வார்ம் அப் என்றால், குளிர்ந்து கிடக்கும் இன்ஜினை அது வேலை செய்ய வேண்டிய சூட்டுக்குக் கொண்டுவருவது. இன்றைய கார்களுக்கு அரை நிமிடம், போனால் ஒரு நிமிடம் போதும்.

காரணம் ஆயில்தான். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயில் பெரும்பாலும் கீழே சம்ப்பில், அதாவது இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியில், இறங்கிவிடும், ஸ்டார்ட் செய்ததும் பம்ப் அதைச் சில நொடிகளில் மேலே ஏற்றிவிடும், டேஷ்போர்டில் ஆயில் விளக்கு அணைவதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் ஆயில் இன்னும் கெட்டியாகத்தான் இருக்கும். அதனால் முதல் சில கிலோமீட்டர் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிக்காமல் நிதானமாக ஓட்டுங்கள்.

தூங்கி எழுந்த உடனே ஓடினால் மூட்டு பிடித்துக்கொள்ளும், அதற்காகக் கட்டிலிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் உடம்பு வளையாது, மெல்ல நடந்தால்தான் சரியாகும். இன்ஜினும் அப்படித்தான். நின்ற இடத்தில் ஓடும்போது சூடு ஏற வெகுநேரம் ஆகும், அதுவரை பெட்ரோலும் கூடுதலாக எரியும். கியர்பாக்ஸோ வண்டி உருண்டால்தான் சூடாகும்.

பத்து நிமிடம் ஓடவிட வேண்டும் என்பது பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் என்ற பாகம் இருந்த காலத்துப் பழக்கம். எரிபொருளைப் பீய்ச்சி அனுப்பும் இன்ஜெக்‌ஷன் வண்டியில் குளிருக்கு ஏற்ற எரிபொருள் அளவை கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது.