கைப்பேசி கேம்களை வைத்து இளையவர்களை இயற்கையின் பக்கம் இழுக்க முடியுமா?

பிள்ளைகள் எந்நேரமும் கைப்பேசியிலேயே கிடக்கிறார்கள், அந்தக் கைப்பேசியை வைத்தே அவர்களை மரம், பூச்சி, பறவை பக்கம் திருப்ப வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் எந்த கேம் என்பதையும், கூடவே யார் நடந்து போகிறார்கள் என்பதையும் பொறுத்தது. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

நான் இருப்பது மலேசியாவின் சிலாங்கூரில், பத்தாங் பெர்ஜுந்தை. 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயரை மாற்றினார்கள். எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்கு, சில வருடம் முன்பு வரை அது ஒரு பச்சைச் சுவர், அவ்வளவுதான்.

வெளியே நடந்து திரிந்து திரையில் தோன்றும் கற்பனை உயிர்களைப் பிடிக்கிற கேமான போக்கிமோன் கோ 2016 ஆகஸ்டில் மலேசியாவுக்கு வந்தபோது அக்காவின் மூத்த மகனுக்குப் பதினைந்து வயது. தோட்டத்துக்குள் ஒரு போக்கிஸ்டாப், அதாவது கேமுக்குத் தேவையான பொருள் கிடைக்கும் இடம், கூடக் கிடையாது. அந்த இடங்களில் பல, அதை உருவாக்கிய நிறுவனத்தின் முந்தைய கேமான இங்ரெஸை விளையாடியவர்கள் குறித்துக் கொடுத்தவை. எங்கள் லயத்துப் பக்கம், இந்தத் தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, யார் வந்து குறிக்கப் போகிறார்கள்? ஆக, ஞாயிறு தவறாமல் என் மோட்டார் சைக்கிளில் கோலாசிலாங்கூர் புக்கிட் மெலாவாத்திக் குன்றுக்கு ஓட்டம். அங்கே கலங்கரை விளக்கத்தைச் சுற்றி லுத்தோங் குரங்குக் கூட்டம் எப்போதும் இருக்கும். பையன் அதற்கு நடுவே நின்றுகொண்டு திரையில் எதையோ பிடித்துக்கொண்டிருந்தான். ஒரு குரங்கு வந்து அவன் கையிலிருந்த கச்சான் (வேர்க்கடலை) பொட்டலத்தைப் பிடுங்கிய பிறகுதான் தலை நிமிர்ந்தான். அதன் வயிற்றில் ஒரு குட்டி தொங்கிக்கொண்டிருந்தது. தாய் சாம்பல் நிறம், குட்டி பளிச்சென்று ஆரஞ்சு. "மாமா, இது வேற சாதிக் குட்டியா?" என்று கேட்டான். அதே சாதிதான், சில மாதத்தில் நிறம் மாறிவிடும் என்று பக்கத்தில் கச்சான் விற்றவர் சொன்னார். அவ்வளவு நாள் அலைந்ததில் அவன் கேட்ட முதல் கேள்வி அதுதான். கேம் அவனை வெளியே கொண்டுவந்தது, உண்மை. இயற்கையைக் காட்டியது என்னவோ அந்தத் திருட்டுக் குரங்கு.

இதில் ஒரு வேடிக்கை. போக்கிமோனை உருவாக்கிய சதோஷி தஜிரி சின்ன வயதில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். அந்த ஆசைதான் பிறகு கேம் ஆனது. ஆனால் 2002-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வுப்படி, பிரிட்டனில் எட்டு வயதுப் பிள்ளைகள் போக்கிமோன்களில் 78 விழுக்காட்டை அடையாளம் சொன்னார்கள், தங்கள் ஊரின் சாதாரண உயிரினங்களில் 53 விழுக்காட்டைத்தான். பிள்ளைகளுக்கு ஞாபகசக்தி குறைவு என்று யாரும் சொல்லிவிட முடியாது.

சரி, இளையவன் கதைக்கு வருகிறேன். இவனுக்குப் பதின்மூன்று. வாரம் முழுக்க மொபைல் லெஜண்ட்ஸ் என்ற சண்டை கேம்தான், அதை நான் தடுக்கவும் இல்லை. சீக் என்ற செயலியை நான்தான் போட்டுக் கொடுத்தேன். உயிரினங்களைப் படமெடுத்துப் பதியும் தளமான ஐநேச்சுரலிஸ்டின் குழு வெளியிட்டது. கேமராவை ஒரு செடி மேலோ பூச்சி மேலோ காட்டினால் பெயர் சொல்லும். புதிய இனம் ஒன்றைக் கண்டால் கணக்கில் ஏறும், பேட்ஜ் கிடைக்கும், மாதத்துக்கு ஒரு சவாலும் உண்டு. பெயர் பதியத் தேவையில்லை. தோட்டத்துக்குள் லைன் கிடைக்காத இடத்திலும் அடையாளம் சொல்கிறது. முதல் நாளே தோட்டச் சாலையோரம் இருந்த புங்கா புக்குல் லாப்பானை, மலாயில் 'எட்டு மணிப் பூ', கேமராவில் பிடித்தான். காலை எட்டு மணிவாக்கில் மலரும் பூ அது. அழகுக்கு வைத்தது என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். கூட்டைச் சுமந்தபடியே செம்பனை ஓலையைத் தின்னும் புழுவைக் கொல்கிற குளவிகள் தேன் குடிக்க வரட்டும் என்று நட்டார்களாம். உரக்கடையில் வேலை பார்க்கிற எனக்கே தெரியாத சங்கதி.

ஒரு ஞாயிறு, அம்மாவும் கூட வந்தார். முட்டிவலி, மெதுவாகத்தான் நடப்பார். ஒரு குட்டை மரத்தில் ஆண் பாளை விரிந்திருந்தது. கிட்டே போனால் சோம்பு வாசனை. பாளை முழுக்க அரிசியைவிடச் சின்னதாகப் பழுப்பு வண்டுகள் மொய்த்துக்கொண்டிருந்தன. பையன் கைப்பேசியை நீட்டி நீட்டிப் பார்த்தான். செயலி 'கூன்வண்டுக் குடும்பம்' என்பதோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் நகரவே இல்லை.

"பாட்டி, இது என்னா வண்டு?"

அம்மா குனிந்து பார்த்தார். "இதுவா? இதுதான்டா என் சோத்துல மண்ணைப் போட்டது."

அப்புறம்தான் கதை வந்தது, நானே கேட்டிராத கதை. அம்மா இருபது வயதில் பார்த்த வேலை, மகரந்தம் அடிப்பது. விடியலில் பெரட்டு, அதாவது ஆளெடுத்து வேலை பிரிப்பது, முடிந்ததும், மகரந்தத்தைப் பவுடரோடு கலந்த குப்பியை எடுத்துக்கொண்டு மரம் மரமாகப் போய், முள்ளுக்கு நடுவே கையை விட்டு, விரிந்த பெண் பாளை மேல் ஊதிவிட வேண்டும். பெரும்பாலும் பெண்களுக்குத்தான் அந்த வேலை. செம்பனையின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. மரத்தைக் கொண்டுவந்தவர்கள் அதன் பூச்சியைக் கொண்டுவரவில்லை, அந்தக் குறையைத்தான் மனிதக் கை நிரப்பிக்கொண்டிருந்தது. ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலாளர் காமெரூனில் ஆராய்ந்து, இந்த வண்டுதான் அந்த வேலையைச் செய்கிறது என்று கண்டுபிடித்தார். 1981-இல் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். சீக்கிரமே குப்பிக்கு வேலை இல்லாமல் போனது. அம்மாவை உதிரிப்பழம் பொறுக்கப் போட்டார்கள்.

"இத்தனை பேர் செஞ்ச வேலையை இத்துனூண்டு வண்டா?" என்று பையன் கேட்டான். அம்மா சிரித்துவிட்டு, பெண் பாளையிலும் அதே சோம்பு வாசனை வரும், அதை நம்பித்தான் வண்டு ஏமாந்து அங்கே போகும் என்று முகர்ந்து பார்க்கச் சொன்னார். அன்றைக்கு அவன் இரண்டு மணி நேரம் அந்த ஒரே வரிசையில் நின்றான். பேட்ஜ் எதுவும் விழவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், பாதி வேலையைத்தான் கேம் செய்யும். குனிந்து பார்க்க வைக்கும், ஒரு பெயர் கொடுக்கும். மீதியைச் சொல்ல ஊரில் ஒரு பெரிசு வேண்டும். உங்கள் ஊரில் அது மீன் பிடிப்பவராகவோ கீரை விற்பவராகவோ இருக்கலாம். ஆரம்பிக்கிறீர்கள் என்றால் பூட்ஸ் போட்டுவிடுங்கள், எலி இருக்கிற தோட்டத்தில் நாகமும் இருக்கும். மருந்து அடித்த அன்று போகாதீர்கள். எங்கள் கோலாசிலாங்கூர்ப் பக்கத்துக் கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் போனால் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிடுங்கள், வெளிச்சம் பட்டால் அதுகள் ஒன்றாக மினுக்குவது குலைந்துவிடும்.

அந்த வண்டின் பெயர் செயலியில் இன்னும் ஏறவில்லை. அம்மா மட்டும் படத்தைத் தன் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார். ராத்திரி அடுப்படியில் உட்கார்ந்து, அந்தக் காலத்தில் கூடக் குப்பி பிடித்த சிநேகிதி ஒருத்திக்கு அதை வாட்ஸாப்பில் அனுப்பி, குரல் பதிவும் போட்டார்: "ஏய், இவன ஞாபகம் இருக்கா?"