காரோடு கார் பேசினால்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் காரில் ரேடாரும் கேமராவும் இருக்கின்றன. அதற்கு மேல் வண்டிக்கு வண்டி ரேடியோ எதற்கு?

ரேடாரும் கேமராவும் கண் மாதிரி. நடுவில் ஒன்று மறைத்தால் அவற்றுக்கு ஒன்றும் தெரியாது. உங்களுக்கு முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி. அதற்கும் முன்னால் போகிற கார் சட்டென்று பிரேக் போடுகிறது. உங்களுக்குத் தெரிவதெல்லாம் லாரியின் பின்கதவுதான். லாரிக்காரர் பிரேக் மிதித்து, அந்தச் சிவப்பு விளக்கு எரிந்த பிறகுதான் உங்கள் கால் நகரும். ரேடியோ இருந்தால், மறைந்திருக்கும் கார் பலமாகப் பிரேக் போட்ட தகவல் லாரிக்காக காத்திராமல் நேராக உங்கள் டாஷ்போர்டுக்கு வந்துவிடும்.

இதற்காக ஒவ்வொரு வண்டியும் தன் இடம், வேகம், திசை, பிரேக் நிலை எல்லாவற்றையும் நொடிக்கு 10 முறை சொல்லிக்கொண்டே போகிறது. மணிக்கு 80 கிலோமீட்டரில் ஓடும் கார் இரண்டு மீட்டருக்கு ஒரு தடவை குரல் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்த சாலையில் 300 மீட்டர் வரை கேட்கும். நகரத்து முக்குகளில் கட்டடங்கள் அலையை மறிப்பதால் தூரம் குறையும்.

கேள்வி: செல்போன் டவர் இல்லாத இடத்தில் வேலை செய்யுமா?

செய்யும். வண்டியும் வண்டியும் நேரடியாகப் பேசிக்கொள்கின்றன. சிம் கார்டோ டேட்டாவோ வேண்டாம்.

கேள்வி: நான் எங்கே போகிறேன் என்று யாராவது பின்தொடர முடியாதா?

நியாயமான பயம். செய்தியில் உங்கள் பெயரோ நம்பர் பிளேட்டோ இருக்காது. செய்தி உண்மையானது என்று காட்டும் டிஜிட்டல் சான்றிதழையும் வண்டி அடிக்கடி மாற்றிக்கொள்ளும்படி வடிவமைத்திருக்கிறார்கள். ஆபத்து துளியும் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கையில் இருக்கும் செல்போன் இதைவிட அதிகம் சொல்கிறது.

கேள்வி: இவ்வளவு நல்லதென்றால் ஏன் எல்லா காரிலும் இல்லை?

எனக்கு ஆற்றாமை வருவது இந்த இடத்தில்தான். அமெரிக்கா 1999-லேயே 5.9 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 75 மெகாஹெர்ட்ஸை இதற்கென ஒதுக்கியது. 2012-ல் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் சுமார் 2,800 வண்டிகளில் பொருத்தி ஓட்டிப் பார்த்தார்கள். சந்திப்பில் மோதல், இடப்பக்கம் திரும்பும்போது (அங்கே வலப்பக்கம் ஓட்டுவதால் எதிரே வரும் வண்டிகளுக்குக் குறுக்கே திரும்ப வேண்டும்) மோதல் என்ற இரண்டுக்கான எச்சரிக்கை மட்டுமே எல்லா வண்டிகளுக்கும் வந்தால் ஆண்டுக்கு 1,083 உயிர்கள் வரை தப்பும் என்று 2014-ல் அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகமே கணக்கிட்டது. 2016 டிசம்பரில் புதிய கார்களில் கட்டாயமாக்கும் வரைவு விதியும் வந்தது.

அப்புறம்? வைஃபை வழி வந்த முறையா, செல்போன் வழி வந்த முறையா என்று இழுபறி. ஒரு முறையில் பேசும் வண்டியின் பேச்சு மற்றதற்குப் புரியாது. 2020-ல் அந்த 75-ல் 45 மெகாஹெர்ட்ஸை வைஃபைக்குக் கொடுத்தார்கள். 2023-ல் வரைவு விதியையும் திரும்பப் பெற்றார்கள். கருவி தோற்கவில்லை, முடிவெடுக்க வேண்டியவர்கள் தாமதித்தார்கள்.

கேள்வி: ஜெர்மனியில் இருக்கிறேன். என் எட்டாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரில் இந்த வசதி இருக்கிறது. நான் ஒருவன் வைத்திருந்து என்ன பயன்?

உங்கள் சந்தேகம் சரிதான். பத்தில் ஒரு காரில் மட்டும் கருவி இருந்தால், எதேச்சையாக எதிர்ப்படும் இரண்டு கார்களிலும் அது இருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்று. ஆனாலும் அணைத்து வைக்காதீர்கள். ஆட்டோபான் என்னும் அதிவேக நெடுஞ்சாலையில் சாலை வேலை நடக்கும் இடங்களில் அம்பு விளக்கோடு நிற்கும் எச்சரிக்கை டிரெய்லர்கள் பலவற்றில் இதே ரேடியோ இருக்கிறது. வளைவுக்கு அப்பால் நிற்கும் டிரெய்லர் உங்கள் கண்ணில் படுவதற்கு முன்பே திரையில் எச்சரிக்கை வரும். வந்தால் காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுங்கள். அங்கே ஆட்கள் சாலையில் இறங்கி வேலை செய்துகொண்டிருப்பார்கள்.